ஹெட்போனின் இடது பக்கம்

"லெஃப்ட் சரியா வரலைடி. வயரை எவனோ இழுத்து வெச்சிருக்கான்."

ஒரு வருஷமாக அந்த மனிதர் வேறு எதுவும் குறை சொல்லவில்லை. வயரை இழுத்தது சில நாள் மனைவியின் துடைப்பம், சில நாள் எலி, சில நாள் ஹெட்போன் செய்த கம்பெனிக்காரனின் கஞ்சத்தனம். குற்றவாளிகள் மாறினார்கள், குற்றம் மட்டும் மாறவில்லை.

அச்சகத்தில் அவருக்கு ஸ்டீரியோ என்று பெயர். மெஷின் இரைச்சலை மீறிக் கத்திக் கத்தியே அபிப்பிராயம் சொல்லிப் பழகியவர். "ஒரு ஆல்பத்துல முதல் பாட்டு கடைக்காரனுக்குடா. ரெண்டாவது ரேடியோக்காரனுக்கு. மூணாவதுதான் நமக்கு!" பாட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்பவர்களைக் கண்டால் ஆகாது. "கதைப் புத்தகத்தைக் கிழிச்சு உதறிட்டுப் படிக்கிறவனுங்க." மேடையில் பாடிப் பதிவு செய்ததா? "எவனோ கை தட்டுறதை நான் எதுக்குக் கேக்கணும்?"

அவருக்கு உயிர், நீல அட்டை போட்ட ஒரு தட்டு. ஒரே ஒரு ஆல்பம் பாடிவிட்டுக் காணாமல் போன ஒரு பெண்ணின் இசைத்தட்டு அது. அதன் மூன்றாவது பாட்டில் அவள் குரல் வலது காதில் வரும். இடது காதில் ஒற்றை வயலின். "அவ கேக்குறா, அது பதில் சொல்லுது. கவனிச்சியா?" என்று ஹெட்போனை மனைவியின் தலையில் மாட்டுவார். அவள் தையல் மெஷினை நிறுத்தாமலே, "ம், பதில் சொல்லுது" என்பாள்.

வேலை விட்டு வந்து ஹெட்போனை மாட்டினால், தட்டின் ஒரு பக்கம் முடியும்வரை வீடே இடிந்தாலும் திரும்ப மாட்டார். அதனால்தான் அவள் ஏமாந்தாள். ஹெட்போன் இல்லாதபோதும், இடது பக்கம் நின்று கூப்பிட்டால் அவர் திரும்பவில்லை. "மகாராஜாவுக்கு இப்பல்லாம் பாட்டு ஓடாதப்பவும் காது கேக்காது" என்று முனகிவிட்டுத் துணியை வெட்டப் போனாள். வேறு ஒருத்தியாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பாள். இவளுக்குப் பழகிப்போயிருந்தது.

தெருமுனை ரேடியோ மெக்கானிக் ஹெட்போனைப் பிரித்துப் பிரித்து மூடினான். "எனக்கு நல்லா கேக்குதேண்ணே."

"உன் காதுக்கு அது போதும்டா. எனக்குப் பத்தலை."

"ஒரு தடவை மாத்திப் போட்டுப் பாருங்களேன்."

"செருப்பை மாத்திப் போடுவியாடா நீ? லெஃப்டுன்னு எழுதியிருக்குல்ல?"

கடைசியில் ஒருநாள் மெக்கானிக் வீட்டுக்கே வந்து, அவர் அசந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஹெட்போனைத் திருப்பி மாட்டிவிட்டான். அவர் முகம் மலர்ந்தது. "வந்துடுச்சுடா! வயலின் வந்துடுச்சு!" நாற்காலியைத் தட்டிச் சிரித்தார். பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. "அது சரி... பாட்டுக்காரி எங்கடா போனா?"

மெக்கானிக் திருப்புளியைப் பைக்குள் போட்டான். "ஹெட்போன்ல ஒண்ணுமில்லண்ணே." அவர் மனைவியைப் பார்த்தான். அவள் தையல் மெஷினை நிறுத்தினாள்.

காது நரம்பில் கட்டி என்றார் டாக்டரம்மா. "சின்னதாத்தான் இருக்கு, எடுத்துடலாம். ஆனா அந்தக் காதுல மிச்சம் இருக்கிற கேக்கும் சக்தியும் போயிடும்."

"எடுக்கலைன்னா?" என்றாள் மனைவி.

"வளரும். மூளையை அமுக்கும். அப்புறம் எடுக்கிறதே ஆபத்தாயிடும்."

அவர் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை. "மிச்சம் இருக்குன்னாங்கல்ல?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் சத்தத்தை முழுக்க ஏற்றி இடது காதில் அழுத்தினார். "கொசு மாதிரி கேக்குதுடி. ஆனா கேக்குது."

"உசிரு போயிடும்னு சொல்றாங்க."

"உசிரு எங்க போகப் போகுது? வயலின்தான் போகுது. அடுத்த மாசம் பாப்போம்."

அவள் கெஞ்சினாள், திட்டினாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். அடுத்த மாசம் என்பது நகர்ந்துகொண்டே போனது. நடக்கையில் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். "சாயங்காலம் ஆகுறதுக்குள்ளேயே போட்டுட்டியாய்யா?" என்று அச்சகத்தில் கேலி செய்தார்கள். மெஷின் மேலேயே ஒருநாள் சாய்ந்தபோது கேலி நின்றது. முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இடது கன்னம் தொங்கியது, குடித்த தண்ணீர் வாயோரம் வழிந்தது. அவள் மடித்த துணியால் துடைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெட்போனை இடது காதில் அழுத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சத்தத்தை ஏற்றினார், இன்னும் ஏற்றினார். வயலின் வெளியே கசிந்து, அறையின் மறுகோடியில் இருந்த அவளுக்குக்கூடக் கேட்டது. அவர் கழற்றி மடியில் வைத்தார்.

"போலாம்டி" என்றார்.

"ரொம்ப லேட் பண்ணிட்டீங்களே" என்றார் டாக்டரம்மா. ஆனாலும் அறுத்தார்கள். முழுக்க எடுக்க முடியவில்லை. காயம் ஆறாமல் காய்ச்சல் ஏறியது. இனி நாள்தான் கணக்கு என்று வராந்தாவில் வைத்து அவளிடம் சொன்னார்கள். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், கட்டிலின் வலது பக்கம் உட்கார்ந்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். ஒளிக்க வராது அவளுக்கு. அழுகையோடு கோபமும் சேர்ந்து வந்தது.

"அன்னிக்கே வந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா? சொல்லுங்க, ஆகியிருக்குமா?"

அவருக்கு வாய் கோணித்தான் திறந்தது. ஒவ்வொரு சொல்லாக இழுத்து, விடாமல் முடித்தார்:

"வந்திருந்தா இன்னும் இருபது வருஷம் உன் புலம்பலை ஒத்தைக் காதால கேட்டுக்கிட்டுக் கிடந்திருப்பேன். கிண்டல் பண்ணலடி. அது கெடைச்சிருந்தாலே போதும்னுதான் இருக்கு இப்ப."