கருவாட்டுக் கடைப் பூனைக்குப் பத்தியம்

சவுக்காரம் போட்டு ஒரு முறை, புளி தேய்த்து ஒரு முறை, எலுமிச்சை மூடியை நகக்கண்ணில் திருகி இன்னொரு முறை என்று சிலுவைமுத்து கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறார். கழுவியதும் விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்வார், முகத்தைச் சுளிப்பார், மறுபடியும் குழாயடிக்கே திரும்புவார். பக்கத்துக் கோழிக்கடை கலீலுல்லா கத்தியைத் தீட்டியபடியே குரல் கொடுப்பார்.

"இன்னா மாமு, ஆப்பரேசன் பண்ணப் போறியா?"

ஆப்பரேஷனாவது ஒன்றாவது! பூனைக்குச் சோறு பிசையப் போகிறார்.

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்து மார்க்கெட்டில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கருவாடு விற்கிற மனிதரின் கையில் மல்லிகைப்பூ வாசனையா வரும்? ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் மெதுவாக ஒரு முழம் நகர்ந்து உட்காருவார். சிலுவைமுத்து அதற்கெல்லாம் கவலைப்பட்டதே கிடையாது. "சோறு போட்ற வாசன நைனா, சென்ட்டு போட்டா போய்டுமா?" என்று கேட்டு அடுத்தவரையும் சிரிக்க வைத்துவிடுவார். கட்டின பெண்டாட்டி ஜானட் கல்யாணமான புதிதில் மூக்கைப் பிடித்தபோதுகூடக் கழுவாத கையை, இன்றைக்கு ஒரு பூனைக்காகத் தோல் உரியத் தேய்க்கிறார். ஜானட்டுக்கு அந்த வயிற்றெரிச்சல் லேசாக உண்டு.

பூனையின் பெயர் மேஸ்திரி. சாம்பல் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட கடுவன். குட்டியாக வாளைக்கருவாட்டு மூட்டைக்குப் பின்னால் கண் திறக்காமல் கிடந்ததை எடுத்து, பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்து வளர்த்தவர் இவர்தான். வளர்ந்ததும் அது ஒரு வேலையும் செய்யாமல், ஹார்பரில் கூலியாட்களை மேய்க்கிறவரைப்போல எல்லா மூட்டையையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் மேஸ்திரி. கருவாட்டுக்குப் பூனையைக் காவல் வைத்த ஆளைப் பாருங்கள் என்று மார்க்கெட்டே சிரித்தது. ஆனால் மேஸ்திரி திருடியதில்லை. திருட வேண்டிய அவசியமே அதற்கு வரவில்லை.

காரணம், அந்தக் கடையில் தானாக உண்டான ஒரு வழக்கம். கருவாடு வாங்க வருகிறவர்கள் எடை போடச் சொல்வதற்கு முன்னால், கூறிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி மேஸ்திரியின் முன்னால் போடுவார்கள். பூனை முகர்ந்து பார்த்துத் தின்றுவிட்டால் சரக்கு சுத்தம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் பழசு, அல்லது ஈ மொய்க்காமல் இருக்க எவனோ மருந்து தெளித்தது. ஒரு தடவை சிலுவைமுத்து நல்லது என்று நம்பி எடுத்து வந்த ஒரு மூட்டை திருக்கையை மேஸ்திரி தொடவே மாட்டேன் என்றது. பிரித்துப் பார்த்தால் அடியெல்லாம் புழு. அன்றிலிருந்து அதன் வாக்கு வேதவாக்கு. "மேஸ்திரி பாஸ் பண்ட்டாரு, கட்டு நைனா" என்றால் பேரம் முடிந்தது. வண்ணாரப்பேட்டையிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. இப்படி ஆளுக்கொரு துணுக்கு உள்ளே போய்ப் போய் மேஸ்திரியின் வயிறு தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க சிலுவைமுத்துவுக்குப் பூரிப்பு. மற்றவர்கள் பூனைக்கு வாலும் செதிலும் போடுவார்கள், இவர் கடை மூடும் நேரத்தில் வஞ்சிரத்தின் நடுத்துண்டமே வைப்பார்.

வினை அங்கேதான் வந்தது. கார்த்திகை மழை விட்ட ஒரு நாள், மேஸ்திரி மணல் தட்டில் போய் உட்கார்ந்தது. எழுந்தது. மறுபடி உட்கார்ந்து, குழந்தை அழுகிற மாதிரி ஒரு குரல் கொடுத்தது. மலச்சிக்கல் என்று நினைத்து சிலுவைமுத்து விளக்கெண்ணெய் புகட்டினார். தெம்பு வரட்டும் என்று கூடவே ஒரு துண்டு வஞ்சிரமும் வைத்தார்! மறுநாள் பூனை எழவே இல்லை. வயிற்றைத் தொட்டால் கல் மாதிரி இருந்தது. கடையைக் கலீலுல்லாவிடம் விட்டுவிட்டு, மீன் கூடையில் சாக்கை விரித்துப் பூனையைப் படுக்க வைத்து, ஆட்டோ பிடித்து மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார். வழியெல்லாம் அந்தோணியாரைக் கூப்பிட்டுக்கொண்டு போனதாக ஆட்டோக்காரரே பிறகு ஊரெல்லாம் சொன்னார்.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு, கண்டிப்பான குரல். மூத்திரம் போகிற பாதை அடைத்திருக்கிறது என்று குழாய் போட்டு எடுத்தார். எடுத்துவிட்டுக் கேட்டார்.

"என்ன சாப்பாடு குடுக்கறீங்க?"

சிலுவைமுத்து நெஞ்சை நிமிர்த்தினார். "சொம்மா கண்டதும் போட்றதில்ல டாக்டரம்மா. வஞ்சிரம் கருவாடு. அதுவும் நடுத்துண்டம்."

"அதான் இவன கொல்லப் பாத்திருக்கு."

அந்த ஒரு வார்த்தையில் மனிதர் சுருங்கிப் போனார். அதற்குப் பிறகு டாக்டரம்மா சொன்னதையெல்லாம் கைகட்டிக் கேட்டுக்கொண்டார். கருவாட்டில் உப்பு அதிகம், ஈரம் கிடையாது. பூனை தானாகத் தண்ணீர் தேடிக் குடிப்பதும் குறைவு. அதனால் இனிமேல் பச்சை மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, வெந்த தண்ணீரோடு கொடுக்க வேண்டும். தினமும் மீனே வேண்டாம், கோழிக்கறியும் அப்படியே வேகவைத்துக் கொடுக்கலாம். ஈரல் எப்போதாவது கொஞ்சம். சோறு பேருக்கு, பால் வேண்டாம். வளர்ந்த பூனை, குட்டியில்லை. காலையில் ஒரு கைப்பிடி, சாயங்காலம் ஒரு கைப்பிடி, நடுவில் யார் என்ன கொடுத்தாலும் கூடாது. கொழுப்பு இறங்க வேண்டும், ஆனால் பட்டினி மட்டும் போடவே கூடாது.

"ஒரு சிட்டிக உப்பு? உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்களே..."

"குப்பைல போட வேண்டியது கருவாட்டத்தான். இன்னொரு தடவ அடைச்சுதுன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாதுங்க."

ஆயுசில் யாராவது இவரிடம் கருவாட்டைக் குப்பையில் போடு என்று சொல்லியிருந்தால் அங்கேயே ஒரு ரகளை நடந்திருக்கும். அன்றைக்கு மட்டும் "சரிம்மா" என்றார். கூடையை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். ஜானட்டிடம் விஷயத்தைச் சொல்லும்போது அழுதுவிட்டார். "என் கையாலயே வெச்சிகினு இருந்துக்கீறேன் ஜானட்டு, வெஷத்த" என்றார்.

சொல்வது சுலபம், அளவாய் வைப்பது சுலபமில்லை. ஏனென்றால் சிலுவைமுத்துவின் கைக்கு ஒரு பழக்கம். எடை சரியாக நின்ற பிறகும் அந்தக் கை சும்மா திரும்பாது, மேலே ஒரு பிடி கொசுறு அள்ளிப் போட்டுவிட்டுத்தான் வரும். கொசுறு போடாத வியாபாரியின் பிணத்தைத் தூக்கவும் ஆள் வராது என்பது அவர் கட்சி. பூனையின் தட்டில் ஒரு கைப்பிடி மீனை உதிர்த்து வைப்பார். தட்டை நகர்த்துவதற்குள் அந்தக் கை இன்னொரு சிட்டிகையை அள்ளிவிடும். ஜானட் பார்த்துக்கொண்டே இருந்து வெடுக்கென்று எடுத்துவிடுவார்.

"கொசுறு இல்லாம துண்ணா அதுக்கு ஒடம்புல ஒட்டுமாடி?"

"ஒட்ட வேணாம்னுதான்யா டாக்டரம்மா சொல்லிக்கீறாங்க. கைய எடு!"

இது போதாதென்று மேஸ்திரியும் முறைத்துக்கொண்டது. வாழ்நாளெல்லாம் உப்பில் ஊறிய நாக்கு. வெறும் சங்கரா மீனை முகர்ந்தது, காலால் மண் தள்ளி மூடுவதுபோலத் தரையைப் பிறாண்டிவிட்டுப் போய்விட்டது. பட்டினி கூடாதே! சிலுவைமுத்து தட்டை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே மூட்டை மூட்டையாய்ச் சுற்றினார். "துண்ணு ராசா, ஒரு வாய் துண்ணுடா கஸ்மாலம்" என்று கெஞ்சலும் திட்டுமாக நடந்தது. பூனை தட்டை விட்டுவிட்டு அவர் விரலை நக்கியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கையில் இருக்கும் கருவாட்டு வாசனை மூக்கில் ஏறிய பிறகு எந்தப் பூனை பச்சை மீனை மதிக்கும்? அன்றிலிருந்துதான் இந்தக் கை கழுவும் படலம். இளஞ்சூடாக வைத்தால் கொஞ்சம் கூடத் தின்கிறது, கலீலுல்லா கொடுக்கிற நெஞ்சுக்கறியைத் தும்பு தும்பாகப் பிய்த்துக் கலந்தால் தட்டையே நக்குகிறது என்பதெல்லாம் போகப் போகத் தெரிந்துகொண்டார். மாசி பிறக்கும்போது மேஸ்திரியின் வயிறு தரையை விட்டு மேலே வந்துவிட்டது. ஒரு நாள் மூட்டையின் உச்சிக்கே தாவி ஏறியது. சிலுவைமுத்து மார்க்கெட்டில் எல்லோரையும் கூப்பிட்டு அதைக் காட்டினார்.

பூனை தேறியது. கடைதான் படுத்தது.

வருகிறவர்கள் வழக்கம்போலத் துணுக்கைக் கிள்ளிக் குனிவார்கள். சிலுவைமுத்து குறுக்கே கையை நீட்டுவார். "வேணாம் நைனா, அதுக்கு ஒடம்பு சரியில்ல." முதலில் ஐயோ பாவம் என்றார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தோ, நல்லாத்தான குந்திகினு கீது?" என்றார்கள். கடைசியில் பேச்சு வேறு மாதிரிப் போயிற்று. சிலுவைமுத்து சரக்கில் மருந்து அடிக்கிறாராம், பூனையே அதைத் தின்றுதான் படுத்ததாம், அதனால்தான் இப்போது அதற்குப் போட விடுவதில்லையாம்! ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பூனையை வீட்டில் வைத்துப் பூட்டிப் பார்த்தார். அது ஓட்டுக்கூரை வழியாக அவருக்கு முன்னால் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தது. "பேசாம யாராச்சும் ஒரு ஆள ஒரு துணுக்கு போட உடுய்யா, ஒரு நாளைக்கி ஒண்ணே ஒண்ணு" என்று கலீலுல்லாவே சொல்லிப் பார்த்தார். சிலுவைமுத்து அன்றைக்கு அவரோடு பேசவில்லை.

இதற்கு நடுவில் தவக்காலம் பிறந்துவிட்டது. ராயபுரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பாதிக்கு மேல் சாம்பல் புதனோடு கவுச்சி நின்றுபோகும். கருவாட்டுக் கடைக்காரருக்கு அது எப்போதும் மந்தமான காலம்தான். அந்த நாட்களில் சிலுவைமுத்துவும் ஒருசந்தி விரதம். நாள் முழுக்கக் கருவாட்டை அள்ளுவார், உயிர்த்த ஞாயிறு வரைக்கும் ஒரு துளி வாயில் படாது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு வருஷம் தவறியதில்லை. பூனைக்கு மட்டும் தினமும் கவுச்சி ஆக்குகிறாயே என்று ஜானட் சீண்டினால், "அது ஞானஸ்நானம் வாங்கலியே" என்பார்.

போன வெள்ளிக்கிழமை காத்தூன் பீவி வந்தார். கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட் பக்கத்தில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறவர். மூட்டை தூக்குகிற ஆட்கள் அவர் கருவாட்டுக் குழம்புக்காகவே வரிசையில் நிற்பார்கள். மாசத்துக்கு ஒரு முறை வந்து கோணி நிறைய வாங்கிப் போவார். இந்தத் தவக்காலத்தில் கடையை நிமிர்த்தி வைக்க அந்த ஒருவர் போதும். அவரும் போய்விட்டால் கடையை மூடிவிட வேண்டியதுதான் என்று முந்தின நாள்தான் புருஷனும் பெண்டாட்டியும் பேசியிருந்தார்கள்.

பீவி கோணியைத் தோளிலிருந்து இறக்கவில்லை. வாளைக் கூறிலிருந்து ஒரு துண்டை ஒடித்தார்.

"வேணாம் பீவிக்கா, அதுக்கு டாக்டரு..." என்று ஆரம்பித்தார் சிலுவைமுத்து.

"கேள்விப்பட்டேன் சிலுவண்ணே. நான் உன்ன நம்பறேன். ஆனா எங்கடையில துண்றவனுங்க கேப்பானுங்களே, பூன பாத்துச்சான்னு. ஒரு வவுறு கெட்டாலும் என் பொயப்பு போச்சி. ஒரே துண்டு. ஒரு துண்டுல இன்னா ஆய்டப் போவுது?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. மேஸ்திரி அதற்குள் இறங்கி வந்து, பீவியின் முழங்கால் மேல் முன்காலை வைத்து எழும்பி, மூக்கை நீட்டிவிட்டது. எத்தனை மாசத்து ஆசை! கலீலுல்லாவின் கத்தி பலகையில் அப்படியே நின்றது. தராசுக்குப் பின்னாலிருந்த ஜானட் புருஷனின் முகத்தைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிடேன் என்று அவருக்கும் வாய்வரை வந்தது, சொல்லத்தான் மனம் வரவில்லை.

சிலுவைமுத்து எழுந்தார். பீவியின் விரலிலிருந்து அந்தத் துண்டை வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"யோவ், ஒருசந்திய்யா! வெள்ளிக்கெயமய்யா!" ஜானட் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்.

வறுக்காத, அலசாத, வெறும் உப்புக் கருவாடு. கடைவாயில் வைத்துக் கடித்தார். கண்ணில் நீர் கட்டியது. அவரையே பார்த்துக்கொண்டிருந்த காத்தூன் பீவி தோளிலிருந்த கோணியை இறக்கி உதறி, தராசுக்குப் பக்கத்தில் அதன் வாயை விரித்து வைத்தார். மேஸ்திரி இப்போது சிலுவைமுத்துவின் வேட்டியைப் பிடித்து எழும்பி, அவர் வாயையே அண்ணாந்து பார்த்துக் கத்தியது. அவர் வாய் திறக்காமல் மென்றார். ஒரு துணுக்கும் கீழே சிந்திவிடாதபடி இன்னொரு கையைத் தாடைக்குக் கீழே ஏந்திக்கொண்டு, மெதுவாக மென்றார்.