ஒரே அம்மா, இரண்டு நோய்

“உங்கள் மூன்று பேருக்கும் ஒரே அம்மாதானே?”

நான்கு மாதம் முன்பு கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில் ஓர் இளம்பெண் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டார். மலாயில்தான் கேட்டார், மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். ஆனாலும் ஐம்பத்து நான்கு வயதில் இப்படி ஒரு கேள்விக்கு யார் தயாராக இருப்பார்கள்?

பக்கத்தில் என் தங்கை கலா. அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏர்கோனைப் பார்த்தேன்.

அந்தப் பெண் ஒரு மரபணு ஆலோசகர். இப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மேசையில் ஒரு வெள்ளைத் தாள். பெண் என்றால் வட்டம், ஆண் என்றால் சதுரம், நோய் வந்தவர் என்றால் உள்ளே மை. அப்பா, அம்மா, நாங்கள் மூவர் என்று வரைந்துகொண்டே வந்தவர், அம்மாவின் வட்டத்தில் பேனாவை நிறுத்திவிட்டார்.

காரணம் இருந்தது. கலா நிரப்பிக் கொடுத்த படிவத்தில் ‘அம்மா – மார்பகப் புற்றுநோய், 44 வயதில் மரணம்’. எங்கள் அண்ணன் சேகர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படிவத்தில் ‘அம்மா – ஹார்ட் அட்டேக், 44 வயது’.

வயது மட்டும்தான் பொருந்தியது.

“ஒரே அம்மாதான்” என்றேன். “அண்ணனுக்கு விஷயம் தெரியாது.”

“எந்த விஷயம்?”

அதைத்தான் இந்த வாரம் உங்களிடமும் சொல்லப்போகிறேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குக் கலாவைத் தெரிந்திருக்கும். அவள் வைத்த மீன் குழம்பைப் பற்றி நான் எழுதியதற்காக மூன்று வாரம் என்னோடு பேசாமல் இருந்தவள். அவளுக்குப் போன வருஷம் மார்பகப் புற்றுநோய். அறுவை, கீமோ எல்லாம் முடிந்து இப்போது தேறிவிட்டாள். அம்மாவுக்கும் இருந்தது என்று கேள்விப்பட்டதும் டாக்டர் மரபணு டெஸ்ட் எடுக்கச் சொன்னார். ஒரு மரபணுவில் கோளாறு என்று வந்தது. உடன்பிறந்தவர்களும் டெஸ்ட் எடுப்பது நல்லது என்றார்கள். அதற்குத்தான் படிவம், வட்டம், சதுரம் எல்லாம்.

இனி அம்மாவின் கதை.

கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் நாங்கள் வளர்ந்தோம். அம்மா பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அவருக்கு மார்பில் கட்டி வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அண்ணன் ஜொகூரில் ஒரு ஃபேக்டரியில் வேலை. மாதம் ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவார். கலா பள்ளிக்கூடத்துப் பிள்ளை.

அப்பாவின் அக்கா, அதாவது எங்கள் அத்தை, லயத்து வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார். “யார் கேட்டாலும் ஹார்ட்டுல கோளாறுன்னு சொல்லு. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு. இந்த நோயின்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்?”

“அண்ணன் கேட்டா?”

“அவன் ஆம்பளப் புள்ள. அவனுக்கு எதுக்கு இதெல்லாம்?”

அப்பாவுக்குத் தெரியும். அவரும் ஹார்ட் என்றுதான் சொன்னார். நானும் அப்படியே சொன்னேன். மரியாதைப்பட்ட நோயாகப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம், அவ்வளவுதான். கலாவுக்குக் கல்யாணமான பிறகு நானே உண்மையைச் சொன்னேன். அண்ணனுக்கு மட்டும்... விட்டுப்போனது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று முப்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது.

இந்த முப்பத்தைந்து வருஷமும் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? இதயத்தைப் பார்த்துக்கொண்டார்.

சுங்கை சோவில் அவர் வீட்டுக்குப் போனால் காலையில் ஓட்ஸ்தான் கிடைக்கும். தேங்காய்ப்பால் கிடையாது, நெய் கிடையாது. கோயிலில் வடை கொடுத்தால் வாங்கி அண்ணியிடம் நீட்டிவிடுவார். விடிந்ததும் நடை, வருஷத்துக்கு ஒரு முறை ட்ரெட்மில்லில் ஓட்டம். ஒவ்வொரு கிளினிக்கிலும் ‘குடும்பத்தில் இதய நோய் உண்டா?’ என்ற இடத்தில் தவறாமல் உண்டு என்று டிக். டாக்டர்களும் பயந்துபோய் இன்னும் இரண்டு டெஸ்ட் சேர்த்து எழுதிக் கொடுப்பார்கள். நானும் கலாவும் இதைப் பார்த்து ரகசியமாகச் சிரித்திருக்கிறோம். ஆரோக்கியமாகத்தானே இருக்கிறார், இருக்கட்டுமே என்று.

மரபணு ஆலோசகர் சிரிக்கவில்லை.

“அண்ணனும் டெஸ்ட் எடுக்க வேண்டும்” என்றார்.

“இது பெண்களுக்கு வருவதாயிற்றே?”

“இந்த மரபணு மகனா மகளா என்று பார்ப்பதில்லை. அம்மாவிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகனுக்கு வந்திருந்தால் அவர் பிள்ளைகளுக்கும் அதே பாதிக்குப் பாதி. ஆண்களுக்கும் சில புற்றுநோய்கள் வரலாம்.”

அண்ணனுக்கு ஒரே பிள்ளை. மகள். தர்ஷினி, இருபத்தேழு வயது, ரவாங்கில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. தையில் கல்யாணம்.

என் ரிசல்ட் முதலில் வந்தது. நெகட்டிவ். கலாவிடம் இருக்கும் கோளாறு என்னிடம் இல்லை. அப்படியென்றால் எனக்குப் புற்றுநோய் வராதா? வரலாம், மற்றப் பெண்களுக்கு வருகிற மாதிரி. மெமோகிராம் எடுத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். கலாவிடம் இருப்பது, நோய் மறுபடி நிச்சயம் வரும் என்று அர்த்தமா? இல்லை, ஆபத்து அதிகம், அவ்வளவுதான். இருந்தால் நிச்சயம் இல்லை, இல்லாவிட்டாலும் நிச்சயம் இல்லை... எனக்குத் தலை சுற்றியது. ஒரே வயிற்றில் பிறந்த எங்களில் யாருக்கு வரவேண்டும் என்று எது முடிவு செய்தது?

“சந்தோஷம்லா, க்கா” என்றாள் கலா. மனசாரத்தான் சொன்னாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நிம்மதியில் அழுதேனா, குற்ற உணர்ச்சியிலா என்று இன்னும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனை செகிஞ்சானுக்கு வரச் சொன்னேன். மாதம் ஒரு முறை நாங்கள் அங்கே மீன் வாங்கப் போவது வழக்கம். வயல் ஓரமாகக் காரை நிறுத்தச் சொல்லி, நேராகச் சொல்லிவிட்டேன். “அம்மாவுக்கு ஹார்ட் அட்டேக் இல்லண்ணே. மார்புல கேன்சர்.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. எதிரே நெல் லோரிகள் இரண்டு மூன்று போயின. அவர் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

“கடைசி மாசம் நான் லீவு போட்டுட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா?”

“இருக்குண்ணே.”

“நடந்தா ஹார்ட்டுக்கு நல்லதுன்னு ஒரு டாக்டர் சொன்னாருன்னு, தெனமும் அம்மாவ மெயின் ரோட் வரைக்கும் நடக்க வச்சேன். வலிக்குதாம்மான்னு கேப்பேன். இல்லப்பான்னு சொல்லிட்டு நடந்துச்சு.”

எனக்கும் அது ஞாபகம் இருக்கிறது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா படுத்திருந்திருப்பார். பொய்யைக் காப்பாற்ற அம்மாவையே நடக்கவிட்டேன். இதற்கு நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

அன்றைக்கு நாங்கள் மீன் வாங்கவில்லை.

அண்ணன் டெஸ்ட் எடுத்தார். அவருக்கு இருக்கிறது.

இரண்டு வாரம் முன்பு சுங்கை சோ வீட்டு ஹாலில் உட்கார்ந்து பேசினோம். தர்ஷினி வேலைக்குப் போயிருந்தாள். அண்ணிதான் ஆரம்பித்தார்.

“தங்கச்சி, கல்யாணம் முடியட்டும். அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம். மண்டபமெல்லாம் புக் பண்ணியாச்சு.”

“மாப்பிள்ளை வீட்டுல கேட்டா, அண்ணி?”

“கேட்டா ஹார்ட் குடும்பம்னு சொல்லிக்கலாம். ஏற்கெனவே எல்லாருக்கும் அப்படித்தானே தெரியும்.”

அண்ணி சாதாரணமாகத்தான் சொன்னார். அதே பொய். புதிதாக யோசிக்கக்கூட வேண்டாம், நான் பத்திரமாக வைத்திருந்தது அப்படியே இருக்கிறது. கோபம் வந்தது, ஆனால் அண்ணியைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை? நான் அப்படித்தான் கட்டிக்கொடுக்கப்பட்டேன். கலாவும் அப்படித்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் எங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்குமா? ஆகியிருக்கலாம். ஆகாமலும் போயிருக்கலாம். மறைத்தது தப்பு என்று சொல்ல வாயெடுத்தால், அதனால் எனக்குக் கிடைத்த புருஷன், பிள்ளைகள், வீடு எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. அத்தை கெட்டவர் இல்லை. அண்ணியும் கெட்டவர் இல்லை. பிறகு யார்தான் தப்பு செய்தது?

அண்ணன் மட்டும் எழுந்து நின்றார். “எம் புள்ளகிட்ட நான் சொல்லிடுவேன்” என்றார். “என்னை ஒண்ணும் தெரியாம வச்சிருந்த மாதிரி அவள வச்சிருக்க முடியாது.” அன்று மாலையே சொல்லிவிட்டார்.

நான்கு நாள் கழித்து தர்ஷினி என்னைத் தேடி நான் இருக்கும் புக்கிட் பெலிம்பிங்குக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு டப்பா கேக். முகத்தில் தூக்கம் இல்லை.

“ப்ளட் குடுத்துட்டேன் அத்தை. ரிசல்ட் வர சில வாரம் ஆகும்னு சொன்னாங்க.”

“மாப்பிள்ளைகிட்ட சொன்னியாம்மா?”

“அன்னைக்கே சொல்லிட்டேன். எதுவா இருந்தாலும் சேர்ந்து பாத்துக்கலாம்னு சொன்னாரு. ஆனா அவங்க அம்மாகிட்ட எப்படி சொல்றதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியல.”

பெரியவளாயிற்றே, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தேநீர் கலக்கப் போனேன். பின்னாலேயே வந்தாள்.

“நீங்க எழுதுங்க அத்தை.”

“எதை?”

“இதைத்தான். அவங்க அம்மா ஞாயித்துக்கிழம பேப்பரத் தொறந்தா முதல்ல உங்க பக்கத்ததான் படிப்பாங்களாம்.”

“பைத்தியமா நீ? ரிசல்ட்டாவது வரட்டும்.”

“இல்ல அத்தை, அதுக்கு முந்தி. வந்தப்புறம் சொன்னா, நெகட்டிவா இருக்கவும்தான் தைரியமா சொன்னோம்னு ஆயிடும். பாசிட்டிவா இருந்தா, எங்கம்மா என்னைச் சொல்லவே விடமாட்டாங்க.” கேக் டப்பாவின் ரப்பரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே பேசினாள். “பேர மாத்தாதீங்க. எனக்கு ஒளிஞ்சுக்க வேணாம்.”

இது சரியா? ஒரு குடும்பத்தின் விஷயத்தை இன்னொரு குடும்பத்துக்குப் பத்திரிகையில் சொல்வது முறையா? மாப்பிள்ளையிடம் போனில் கேட்டேன். எழுதுங்கள் என்றார். கலாவும் அண்ணனும் சம்மதித்தார்கள். அண்ணி மூன்று நாள் கழித்து, “அவ இஷ்டம்” என்றார். நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டு, ஐந்தாம் முறை எழுதியதை அனுப்புகிறேன். இன்னமும் குழப்பமாகத்தான் இருக்கிறது.

சம்பந்தியம்மா, தர்ஷினியின் ரிசல்ட் இன்னும் வரவில்லை. இப்போது எங்களுக்கு எவ்வளவு தெரியுமோ, உங்களுக்கும் அவ்வளவு தெரியும்.