ஆண்பிள்ளைகளுக்கு வீடில்லாத ஊர்

கணவர் கட்டாரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒரு கம்பியூட்டரைக் கொண்டுவந்தார். மகள் படிப்பதற்காம். மகளுக்கு அப்போது செருப்பை வலம் இடம் பார்த்துப் போடத் தெரியாது. அதனால் நான் படித்தேன். படித்தது ஒரு விளையாட்டு. அதில் ஆட்களை உண்டாக்கலாம், வீடு கட்டிக் குடியேற்றலாம், பசித்தால் சாப்பிட வைக்கலாம், சண்டை பிடித்தால் வேடிக்கை பார்க்கலாம். சம்பளமில்லாமல் நான் வீட்டில் செய்துகொண்டிருந்த வேலைதான். இதில் மட்டும் இடையில் நிறுத்திவைக்க ஒரு பொத்தான் இருந்தது.

நாட்டில் சண்டை முடிந்து, வீதியிலிருந்த சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்த காலம் அது. நாங்கள் இன்னமும் உம்மாவின் தங்கை, சாச்சி வீட்டுப் பின்னறையில்தான் இருந்தோம். உம்மாவும் வாப்பாவும் எனக்குச் சீதனமாகக் கட்டித்தந்த வீடு கல்முனைக் கடற்கரையோரம் இருந்தது. கடல் வந்த காலையில் நாங்கள் ஓடினோம். வீடு ஓடவில்லை. மகள் பிறந்தது அதற்குப் பிறகு.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். தாய் தகப்பன் வீட்டை மகளிடம் விட்டுவிட்டுப் பின்வளவுக்கு ஒதுங்குவார்கள். ஆகவே வீடில்லாத தாய்க்குப் பிறந்த பெண்பிள்ளை என்றால் ஊர் அந்தப் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே தாயைத்தான் பரிதாபமாகப் பார்க்கும்.

கடைசியில் ஒரு வீட்டுத் திட்டத்தில் எங்களுக்கும் வீடு என்று செய்தி வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது: வீடு குடும்பத் தலைவரின் பெயரில்தான் எழுதப்படுமாம். தலைவர் என்றால் புருஷன்.

“அவன்ட பேர்லயா?” என்றார் உம்மா. “நாம மாப்புள எடுக்கிறமா, மாப்புளட ஊட்டுக்கு வாடகைக்கிப் போறமா? நாளைக்கி என்ட பேத்திக்கி என்னத்தக் குடுப்பாய்? கம்பியூட்டரயா?”

என் பெயருக்கு எழுதச் சொல்லிக் கணவரிடம் கேட்கவேண்டும். கேட்டால் நம்பிக்கையில்லை என்று நினைப்பாரோ? கேட்காவிட்டால் பின்னொருநாள் மகள் கேட்பாளோ? இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்துவிட்டு, தைரியமான முடிவாக விளையாட்டில் எங்கள் தெருவைக் கட்டத் தொடங்கினேன்.

உம்மா ஒரு கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் இருந்தார்.

“மதில் ஒசரம் போதா, புள்ள. ரோட்டால போறவன் குசினிக்குள்ள பார்ப்பான்.”

“ரோட்டால போறத்துக்கு ஒருத்தனும் இல்லயே உம்மா. நான் இன்னம் ஆக்கள் செய்யல்ல.”

“செய்வாய்தானே.”

மதிலை உயர்த்தினேன். கிணறு அந்த விளையாட்டில் இல்லை. பெரிய பூச்சாடியைக் கிணறாக வைத்தேன். பழக்கதோஷத்தில் சந்தியில் ஒரு சோதனைச் சாவடி வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். இடம் வெறிச்சென்று கிடந்ததால் ஒரு ஐஸ்கிரீம் வண்டியை நிறுத்தினேன். கக்கூஸ்களை உம்மா ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார். கடல் கிழக்கு, தொழும் திசையான கிப்லா மேற்கு. கக்கூஸில் இருப்பவருக்குக் கிப்லா முன்னாலும் வரக்கூடாது, பின்னாலும் வரக்கூடாது. கம்பியூட்டருக்குள் கிப்லா எது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் வடக்குத் தெற்காகத் திருப்பினேன். ஆட்களைச் செய்துவிட்ட பிறகு, கலியாணம் முடிக்காதவர்கள் சந்தியில் கட்டிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது தனி உத்தியோகம். அவர்களுக்கு வெட்கமே கிடையாது.

எல்லா வீடுகளும் எழும்பின. கடற்கரையோரத்தில் என் காணியை மட்டும் வெறுமையாக விட்டேன். அந்த விளையாட்டில் கடல் கரையைத் தாண்டாது என்று தெரியும். தெரிந்தும் கை போகவில்லை.

உலகத்திலுள்ளவர்கள் தாங்கள் கட்டிய ஊர்களைப் பகிரும் ஒரு இணையத்தளம் இருந்தது. அதில் என் ஊரையும் ஏற்றினேன். ஒரு காலை முழுக்கப் பிடித்தது. ஏற்றியதும் பயம் வந்துவிட்டது. யாராவது திட்டினால்? யாருமே திட்டாமல், பார்க்காமலே விட்டால்?

எந்த நாட்டுக்காரி என்று தெரியாத ஒருத்தி ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ஊர் அழகாம். ஐஸ்கிரீம் வண்டி பிரமாதமாம். ஆனால் ஒரு கோளாறு இருக்கிறதாம்: எல்லாக் குடும்பத்திலும் சகோதரிகளுக்கு வீடு இருக்கிறது, சகோதரர்கள் ஒருவருக்கும் இல்லை. ‘இவர்கள் எங்கே வாழ்வார்கள்?’

போய்ப் பார்த்தேன். உண்மைதான். பெண்பிள்ளைகளை எண்ணி வீடு கட்டியிருந்தேன். ஆண்பிள்ளைகளுக்கு வீடு என்ற எண்ணமே வரவில்லை.

“இதென்ன கேள்வி?” என்றார் உம்மா. “கலியாணம் முடிச்சாப் போயிருவானுகள்தானே. அவளுக்கு எழுது.”

பணிவாக, இரண்டுமுறை மன்னிப்புக் கேட்டு, எங்கள் வழக்கத்தை விளக்கி எழுதினேன். அதைக் கணவருக்கும் சிரிப்பாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஊரை எப்படி இறக்குவது என்று மட்டும் கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஊரைத் திருப்பி அனுப்பியிருந்தார். திறந்தேன். என் வெற்றுக் காணியில் ஒரு மாடி வீடு. வாசலில் மீசையோடு ஒருவர் நின்றார். அவரேதான், வயிற்றைக் கொஞ்சம் குறைத்திருந்தார். வீடு அவர் பெயரில். அதற்குள் என் பெயரில் ஒருத்தியைக் கலியாணம் முடித்துக் குடியேற்றியிருந்தார்.

உம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அல்லாஹ்வே! இந்தியாப் படத்துப் பொண்ணு மாதிரி மாப்புள ஊட்டுக்கெல்லவா போயிரிக்காய்! அழுதிட்டாவது போனியா?”

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. போன் எடுத்தார்.

“ஊட்டப் பார்த்தியா?”

“பார்த்தன் மச்சான். கக்கூஸ் கடலப் பார்த்திரிக்கி. இருந்தா முதுகு கிப்லாக்கு.”

“அது காத்துக்கு. மேல்மாடி எப்பிடி?”

ஒரு மாதமாக ஒத்திகை பார்த்த முன்னுரை எல்லாம் மறந்துபோனது.

“மச்சான், புது ஊடு என்ட பேர்ல வேணும்.”

“கேம்லயா, நெசத்திலயா?”

“நெசத்தில.”

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். அவர் அறையில் பலர்.

“மூணு தங்கச்சிக்கி மூணு ஊடு கட்டிக் குடுத்தன்,” என்றார். “அதில ஒண்டுலயும் ஒரு ஆணி அடிக்க ஏலா எனக்கி. அங்க போனா விருந்தாளி. உன்ட ஊட்டுக்கு வந்தா மாப்புள. இஞ்ச அடுக்குக் கட்டில்ல மேல்கட்டில், எழும்பினாத் தலை இடிக்கும். அந்த வெள்ளக்காரி கேட்டது நல்ல கேள்விதான்கா. என்ட பேர்ல ஒண்டு இருந்தா எப்பிடி இரிக்குமெண்டு பார்த்தன்.”

எனக்கு உடனே விட்டுக்கொடுக்கவேண்டும் போலிருந்தது. ‘சரி மச்சான், உங்கட பேர்லயே எழுதுங்க’ என்பது நாக்கு நுனியில் நின்றது. மகள் நிலத்தில் குந்தியிருந்து இரண்டு செருப்பையும் ஒரே காலில் போட முயன்றுகொண்டிருந்தாள்.

“மகள் இரிக்கா மச்சான்.”

“தெரியும்,” என்றார். “உன்ட பேர்லயே எழுதச் சொல்லு. வேணுமெண்டா அவங்களோட நான் கதைக்கிறன். ஆனா ஒண்டு, கடற்கர ஊட்ட ஒடச்சிராத.”

திட்டத்து அலுவலகத்தில் மேசைக்குப் பின்னாலிருந்தவர் தலைநிமிராமல் கேட்டார்: “குடும்பத் தலைவர்?”

“நான்தான்,” என்றேன். பழக்கத்தில், “எண்டு நினைக்கிறன்,” என்றும் சேர்த்துவிட்டேன். கணவர் போனில் பேசினார். மூன்றுதரம் போகவேண்டியிருந்தது. வீடு என் பெயரில் வந்தது. சின்ன வீடு. அதன் கக்கூஸ் வடக்குத் தெற்காக இருக்கிறது. உம்மா திசையைப் பார்த்த பிறகுதான் பால் காய்ச்ச விட்டார்.

ஊரை மறுபடியும் இணையத்தில் ஏற்றினேன், மாடி வீட்டோடு. ஒரு சகோதரனுக்காவது இடம் கிடைத்ததே என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். ஏற்றுவதற்கு முன் அந்தக் கக்கூஸைத் திருப்பிவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன். பிறகு எடுத்துக்கொண்டேன். அவருடைய வீடு.

கக்கூஸைத் திருப்பிவிட்டேன் என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் கதிரையை இழுத்துக்கொண்டு பார்க்க வரும்போதெல்லாம் அந்த வீட்டு மதிலை இன்னும் கொஞ்சம் உயர்த்திவிடுகிறேன்.