திரும்பி வருவீங்களா?

என் அக்கா புருஷனுக்குத் தெருவில் விசாக்காரர் என்று பேர். மனுஷன் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனால் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் எல்லாம் விண்ணப்பம் போட அவர் கடைக்குத்தான் வரும். ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். மூலையில் வெள்ளைத் துணியைக் கட்டி பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற நான். அக்கா போய்ச் சேர்ந்த பிறகு அத்தானுக்கு மிச்சம் ஒரே மகள்தான்.

ஆன்லைன் விண்ணப்பத்தில் எந்தக் கேள்வியையும் அவராக நிரப்ப மாட்டார். வக்கீல் மாதிரி சத்தமாக வாசிப்பார். வந்தவர் வாயைத் திறந்து பதில் சொல்லணும், அப்புறம்தான் தட்டுவார். பின்னால், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று எவனும் சட்டையைப் பிடிக்கக் கூடாதாம்.

கடைசியில் அந்தக் கேள்வி வரும். இது தற்காலிக விசா. படிப்பு முடிந்ததும் திரும்பி வருவீங்களா, என்ன காரணத்துக்காக? கேள்வி முடியும் முன்னே "வருவேன் சார்!" என்று கத்துவார்கள். காரணத்துக்கு அத்தான் ஒரு பத்தி தயாராக வைத்திருந்தார்: பெற்றவருக்கு நான் ஒரே பிள்ளை, அவரைக் கவனிக்க வேறு ஆளில்லை. கூடப்பிறந்தவர்கள் நாலு பேர் இருக்கிறவனும் அதில் ஒரே பிள்ளைதான்.

"ஏன் அத்தான் இந்தப் பாவத்தைக் கட்டிக்கிறீங்க?" என்பேன்.

"போறவன் நல்லா இருக்கட்டும், விடு மச்சான்."

நல்லாத்தான் இருந்தார்கள். லீவில் வந்து கல்யாணம் பண்ணிக்கொண்டு, பொண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு மறுபடி பறந்தார்கள். திரும்பி வந்து தங்கியவன் ஒருத்தனைக்கூட நான் பார்க்கவில்லை.

போன வருஷம் மகளுக்கே வெளிநாட்டில் இடம் கிடைத்தது. அத்தானைக் கையில் பிடிக்க முடியவில்லை. வீட்டில் லேப்டாப் இருந்தும், கடைக்குத்தான் வரணும் என்று அடம் பிடித்தார். அவளும் மற்றவர்களோடு காத்திருந்து, முறை வந்ததும் எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"முழுப் பேர் சொல்லுங்க."

"அப்பா, விளையாடாதீங்க."

"சொல்லுங்கம்மா. பின்னாடி ஆள் நிக்குது."

சிரித்துக்கொண்டே சொன்னாள். தாயார் என்ற இடம் வந்தபோது "காலமாயிட்டாங்க" என்றாள், சிரிப்பு நின்றுவிட்டது. அவர் விடாமல் வாசித்துக்கொண்டே போனார்.

"படிப்பு முடிஞ்சதும் திரும்பி வருவீங்களா?"

அவள் பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல வராத பிள்ளை, அக்காவை அப்படியே உரித்து வைத்தது. ஊரான் வீட்டுப் பிள்ளையெல்லாம் வாய் கூசாமல் சொன்னதை இவள் சொல்லித் தொலைத்தால் என்ன என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"வருவியாம்மா?" என்றார். கடை மரியாதையெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"விசா கிடைக்க என்ன போடணுமோ, அதைப் போடுங்கப்பா."

அதே பத்தியைத்தான் போட்டார். ஒரே பிள்ளை, கவனிக்க வேறு ஆளில்லை. அன்றைக்குத்தான் அது நிஜம். அதிகாரிகள் நம்பினார்கள் போல, விசா வந்தது. அவளும் போனாள்.

அங்கே அவளுக்குப் படிக்கிற இடத்திலேயே வேலையும் தருவதாகச் சொன்னார்களாம். போனில் அதைச் சொல்லிவிட்டு, "நீங்க ஒரு தடவை வந்துட்டுப் போங்கப்பா" என்றாள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. தன் விண்ணப்பத்தைத் தானே நிரப்பக் கை வராமல் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டு, ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். நானும் வாசித்துக்கொண்டே போனேன்.

"உங்கள் நாட்டில் உங்களுக்கு இருக்கும் நெருங்கிய உறவினர் யார்?"

அத்தான் கடன் கேட்கிற மாதிரி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மச்சான், உன் பேரைப் போட்டுக்கலாமா?"

"இதையெல்லாம் கேட்கணுமா?" என்று எரிந்து விழுந்துவிட்டு என் பேரைத் தட்டினேன். அடுத்து, என்ன உறவு என்று கேட்டது. கீழே விரிந்த பட்டியலில் மனைவி இருந்தது, மகன் இருந்தது, மகள் இருந்தது. பொண்டாட்டியின் தம்பிக்கு மட்டும் இடம் இல்லை.

"'மற்றவர்'னு ஒண்ணு இருக்கு அத்தான். அதைப் போட்டுரவா?"

"தம்பின்னு போடு" என்றார்.