ஊசியக்காவின் கட்டைவிரல்

கட்டைவிரலைச் சைக்கிள் டயரின் மேல் வைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அழுத்திப் பார்த்தாள் ஊசியக்கா. தக்காளி வாங்கினாலும் இப்படித்தான், தலையணை வாங்கினாலும் இப்படித்தான். பேருந்தில் பக்கத்தில் இருப்பவரின் முழங்கை மடிப்பைப் பார்த்து, "நல்ல நரம்பு" என்று வாய்விட்டே சொல்லி, அவரை இடம் மாறி உட்கார வைத்ததும் உண்டு.

"காத்து இறங்கியிருக்கேடி."

"மண்ரோட்டுக்கு இவ்வளவுதான் அண்ணி வேணும். கல்லு மாதிரி அடிச்சு வெச்சா தூக்கித் தூக்கிப் போடும்," என்றாள் நாத்தனார்.

நாத்தனாருக்கு நிலம் அளக்கும் வேலை. ஊருக்கு வெளியே எந்த மண்பாதை எந்த மேட்டில் ஏறி எங்கே போய் இறங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. விடுமுறை வந்தால் போதும், தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிளோடு கிளம்பிவிடுவாள். இன்று தன் வீட்டுக்காரனின் சைக்கிளையும் எடுத்து, சீட்டைத் தாழ்த்தி, அண்ணிக்கென்று கொண்டுவந்திருந்தாள். இவ்வளவு தைரியசாலி ஊசியைக் கண்டால் மட்டும் சுருண்டுவிடுவாள். சொந்த அண்ணி ரத்தம் எடுப்பவளாக இருந்தும், டாக்டர் எழுதிக் கொடுத்த பரிசோதனைக்கு இன்றுவரை போகாமல் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஊசியக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். உள்ளே வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பயந்த முகத்தோடு சட்டைக் கையை மடிப்பார்கள். ரப்பர் பட்டையைக் கட்டி, கட்டைவிரலால் தடவிக்கொண்டே, "ஊசியைப் பாக்காதீங்க. அந்த ஜன்னலைப் பாருங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்," என்பாள். ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றும் கிடையாது, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான். அதைப் பார்த்து முடிப்பதற்குள் பஞ்சை வைத்து, "அமுக்கிப் பிடிச்சுக்குங்க," என்று சொல்லியிருப்பாள். ஒளிந்து கிடக்கும் நரம்பெல்லாம் அந்த விரலுக்கு எழுந்து வரும். பார்த்தவர்கள் வாயைப் பிளந்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவளுக்குப் போன மாதம் ஒரு நாள் கை தவறியது. வந்தவர் வயதான டிரைவர். கயிறு கயிறாகப் புடைத்து நின்ற நரம்பு, மூன்று முறை குத்தியும் கிடைக்கவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். "பரவாயில்லம்மா, நிதானமாப் பாருங்க," என்றார். அந்தக் கனிவில்தான் அவள் உடைந்துபோனாள். அன்று தொற்றிக்கொண்ட நடுக்கம், ஊசியை எடுத்தாலே விரல் நுனிக்கு வந்துவிடுகிறது. இப்போது முன்மேசையில் உட்கார்ந்து ரிப்போர்ட் எடுத்துக் கொடுக்கிறாள். திங்கட்கிழமை பழைய நாற்காலிக்குத் திரும்புகிறாளா, இல்லை வேறு ஆள் போட்டுவிடலாமா என்று நிலையத்து டாக்டர் கேட்டிருக்கிறார். நாளை மறுநாள்தான் திங்கட்கிழமை. வீட்டில் உட்கார்ந்து கையையே வெறித்துக்கொண்டிருந்தவளை, "ஒரு மலையேத்தம் போயிட்டு வருவோம், எழுந்திரிங்க," என்று நாத்தனார் இழுத்து வந்திருக்கிறாள்.

செம்மண் பாதை அகலமானது, ஒரு லாரியே போகலாம். அதில் ஆங்காங்கே சில கற்கள். ஊசியக்கா அத்தனை கற்களின் மீதும் ஏறினாள். ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் ஓரமாகத் தன்பாட்டுக்குக் கிடந்த ஒரு பாறைத் துண்டைத் தேடிப்போய் இடித்து, புதருக்குள் சாய்ந்தாள்.

நாத்தனாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ரோடு இவ்வளவு அகலம் கிடக்கு. உங்களுக்கு அந்த ஒரு கல்லுதான் கெடச்சுதா?"

"அதுல இடிச்சிடக் கூடாதுன்னு அதையேதான்டி பாத்துக்கிட்டு வந்தேன்!"

"அதான் அண்ணி தப்பு. எதைப் பாக்குறீங்களோ சைக்கிள் அங்கதான் போகும். கல்லைப் பாக்காதீங்க, போற வழியைப் பாருங்க."

ஊசியக்கா தலையில் ஒட்டிய இலையை எடுத்துப் போட்டாள். வாழ்நாளெல்லாம் ஒரே ஒரு புள்ளியை உற்றுப் பார்த்தே வேலை செய்து பழகிய கண், பாதையில் எது உறுத்தினாலும் போய் அதைக் கவ்விக்கொள்கிறது. அதை எப்படி விடுவிப்பது?

மேட்டில் பாதி தூரம் மிதித்தாள், மீதியைத் தள்ளிக்கொண்டே ஏறினாள். மூச்சு வாங்கியது, வழியெல்லாம் நாத்தனாரைத் திட்டினாள். உச்சியில் தலையை நிமிர்த்தியவள் திட்டுவதை அப்படியே விட்டுவிட்டாள்.

கீழே பூமி திறந்து கிடந்தது. பச்சையும் பழுப்புமாக வயல்கள், அவற்றுக்கு அப்பால் ஓர் ஏரி, அதற்கும் அப்பால் நீல மலைகள். மேகம் ஒன்றின் நிழல் யாரையும் கேட்காமல் வயல் வயலாகக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அத்தனைக்கும் நடுவே அந்தச் சிவப்புப் பாதை மெலிதாக ஓடி, வளைந்து, மறைந்து, மறுபடி தெரிந்தது. நான்கு சுவருக்குள் ஆள் ஆளாகக் கையை மட்டுமே பார்த்துப் பழகியவள் அவள். இத்தனை காலமும் இவ்வளவு பெரிசாக இது இங்கேயேதான் இருந்ததா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அடேயப்பா," என்றாள். கொஞ்சம் கழித்து, "அன்னைக்கு அப்புறம் நான் நரம்பையே பாக்கலடி. நடுங்குதா நடுங்குதான்னு என் கையைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றாள்.

நாத்தனார் பக்கத்தில் வந்தாள். அண்ணியின் தலைக்கவசத்தின் வாரை இறுக்கிவிட்டாள். "பெடல் ரெண்டும் சமமா இருக்கட்டும். சீட்டை விட்டு எழுந்து நில்லுங்க. பிரேக்கை ஒரே பிடியாப் பிடிக்காம விட்டு விட்டுப் பிடிங்க. நான் முன்னாடி போறேன்."

ஊசியக்கா சரிவில் இறங்கினாள். பாதை அவளைத் தூக்கி எடுத்துக்கொண்டது. காற்று காதுக்குள் புகுந்து இரைந்தது. ஒரு கல் வந்தது. கண் அதன் மேல் போய் உட்காரப் பார்த்தது. "அங்க பாக்காதீங்க," என்று சத்தமாகவே சொன்னாள், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லும் அதே குரலில், அதே மரியாதையோடு. "அந்த ஏரியைப் பாருங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்." கல் எந்தப் பக்கம் போயிற்று என்றே தெரியவில்லை. அடுத்ததும் போயிற்று. தான் கத்துகிறோமா சிரிக்கிறோமா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

கீழே சமதரையில் நாத்தனார் காத்திருந்தாள். முகமெல்லாம் செம்மண்ணோடு வந்து நின்ற ஊசியக்கா, சைக்கிளைப் புல்லில் சாய்த்தாள். கைப்பிடி அதிர்ந்த அதிர்வில் விரல்கள் எல்லாம் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

"கையை நீட்டு," என்றாள்.

நாத்தனார் ஓர் அடி பின்வாங்கினாள். "எதுக்கு? ஊசி கீசி கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்லடி. சும்மா நீட்டு."

நாத்தனார் அண்ணியின் விரல்களைப் பார்த்தாள். அவை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தன. சட்டைக் கையைத் தோள்வரை மடித்துவிட்டுக் கையை நீட்டினாள். "திங்கக்கிழமை மொத ஆளா நான்தான் வருவேன். சொல்லிட்டேன்," என்றாள்.

"கையைப் பாக்காத. மலையைப் பாரு."

நாத்தனார் மலையைப் பார்த்தாள். ஊசியக்காவும் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கட்டைவிரல் மட்டும் முழங்கை மடிப்பில் மெல்ல நகர்ந்து போய், ஓரிடத்தில் அழுத்தி நின்றது.