இலை கொண்டுவராத நாட்கள்

பஞ்சாலையில் அவளை எல்லாரும் வல்லியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. குடியிருந்த வீட்டின் பின்பக்கப் படிக்கட்டில், படிக்கு ஒன்றாகப் பழைய பெயிண்ட் டப்பாக்களில் அவள் கற்பூரவல்லி வளர்த்தாள். அதனால் வந்த பெயர். தடித்த இலை, கிள்ளிய கையைக் கழுவினாலும் வாசனை லேசில் போகாது.

வேலைக்குக் கிளம்பும்போது ஈரத்துணியில் ஒரு கட்டு இலையைச் சுற்றி எடுத்துப்போவாள். அந்த ஆலையில் இருமாதவர்கள் கிடையாது. தொண்டை கரகரத்தால் இரண்டு இலையை உப்புக்கல்லோடு மெல்லச் சொல்வாள். சளி கட்டியிருந்தால், முந்தின நாளே தணலில் வாட்டிப் பிழிந்து, சாற்றைத் தேனில் குழைத்துக் கொண்டுவருவாள். தலை கனத்தால் நெற்றியில் பற்று. மூக்கடைத்தால் வீட்டுக்குப் போய் ஆவி பிடிக்க ஒரு கைப்பிடி.

"உன் இலை இருக்கறவரைக்கும் எனக்கு லீவு லெட்டர் வராதும்மா" என்பார் சூப்பர்வைசர். அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அவள் தம்பிக்கும் அதே ஆலையில்தான் வேலை. அவள் நூலைச் சுற்றிச் சிட்டமாகக் கட்டும் பகுதி. அவன் பஞ்சைச் சீவிப் பிரிக்கும் கூடம். அங்கே பத்தடி தள்ளி நிற்பவன் முகம் தெரியாது, அத்தனை தூசி. வேலை முடிந்து வெளியே வந்தால் புருவமெல்லாம் வெளுத்திருக்கும். "முப்பத்தஞ்சு வயசுல தாத்தா ஆயிட்டேன் பாருக்கா" என்று சிரிப்பான்.

திங்கட்கிழமை வந்தால் அவனுக்கு நெஞ்சில் கயிறு போட்டு இறுக்கியதுபோல் இருக்கும். புதன், வியாழன் கொஞ்சம் இளகும். ஞாயிறு வீட்டில் கிடந்தால் சுத்தமாகச் சரியாகிவிடும். திங்கள் மறுபடி ஆரம்பிக்கும். வேளை தவறாமல் சாறு கொடுத்தாள். "இப்ப பரவால்லக்கா" என்று அவனும் கூடத்துக்குள் போய்விடுவான். இப்படியே இரண்டு வருடம் ஓடியது. பிறகு ஞாயிற்றுக்கிழமையும் இறுக்கம் விடவில்லை. அக்கா வீட்டுக்கு வந்தால், பாதிப் படியில் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்துவிடுவான்.

அவனைக் கூட்டிப்போன நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இத்தனை நாள் என்ன பண்ணீங்க?"

"கற்பூரவல்லிச் சாறு குடுத்தேங்க."

"அது தப்பில்லம்மா. தொண்டைக்கு இதமா இருக்கும், சளி இளகும். இவருக்குத் தூசியால நுரையீரல் கெட்டுப்போயிருக்கு. திங்கக்கிழமை இறுக்குதுன்னு சொன்ன அன்னைக்கே வந்திருக்கணும்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் மெதுவாகச் சொன்னதுதான் நெஞ்சைத் தைத்தது.

எட்டு மாதத்தில் தம்பி போய்விட்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். வெறுங்கையோடு வந்தவளிடம், பக்கத்து இயந்திரத்துத் தோழி பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள்.

"இலை எங்க வல்லி?"

"கொண்டுவரல. இனிமே கொண்டுவர மாட்டேன்."

"ஏன்டி?"

"என் இலையைத் தின்னுட்டு எல்லாரும் இருமலை அடக்கிட்டு நிக்கறோம். இருமல் வந்தா இருமுங்க. எங்க கேக்கணுமோ அங்க கேக்கட்டும்."

"தம்பி போன துக்கத்தை எங்கமேல காட்டறியா?" என்று சீறிய தோழி அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். வேறு சிலரும் முகம் திருப்பினார்கள். வல்லியக்கா அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தாள். தெருவில் யார் கேட்டாலும் கொடுத்தாள். ஆலைக்கு மட்டும் ஓர் இலை போகவில்லை.

ஒரே வாரத்தில் பதினொரு லீவு லெட்டர். சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டார்.

"என்னம்மா, பச்சிலையைக்கூடவா பதுக்குவாங்க?"

"அது தொண்டைக்கு மருந்து சார், உங்க தூசிக்கு இல்ல. தூசியை இழுக்கற மிஷினை வைங்க, நாளைக்கே கொண்டுவர்றேன்."

"இதெல்லாம் யார் சொல்லிக்குடுத்தா?"

"என் தம்பிதான் சார். செத்துச் சொல்லிக்குடுத்தான்."

மறுநாளே அவளைக் கழிவுப்பஞ்சுக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே தூசி இன்னும் அதிகம். மூக்கைச் சேலைத் தலைப்பால் கட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். தூசியால் வந்த நோய் என்று டாக்டரம்மா எழுதிக்கொடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு, தம்பியோடு வேலை செய்த ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு, தொழிற்சாலை ஆய்வு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். நான்காவது தடவை போனபோதுதான் உட்காரச் சொன்னார்கள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். எல்லாருக்கும் நெஞ்சுப் படம் எடுத்து, மூச்சை ஊதச்சொல்லிச் சோதித்தார்கள். ஒன்பது பேருக்கு நெஞ்சு கெட்டிருந்தது. அதில் அந்தத் தோழியும் ஒருத்தி.

தூசி இழுக்கும் இயந்திரம் வந்துசேர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குப் பிறகு அவள் இலை கொண்டுவந்தாள். ஆனால் கேட்டவுடன் கொடுப்பதில்லை. "எத்தனை நாளா இருமல்? லீவு முடிஞ்சு வர்ற அன்னைக்கு நெஞ்சு இறுக்குதா?" என்று கேட்பாள். ஆமாம் என்றால் இலை கிடையாது. அரை நாள் லீவு போட்டு அவளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாள். முதன்முதலில், சோதனையில் தெரிந்த வாரமே, தோழியைத்தான் கூட்டிப்போயிருந்தாள். பேருந்தில் தோழிதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஒன்பது பேரில், தோழியோடு சேர்த்து ஏழு பேர் வேறு பகுதிக்கு மாறிப் பிழைத்துக் கிடந்தார்கள். இரண்டு பேர் தப்பவில்லை. இரண்டு வீட்டுக்கும் வல்லியக்கா போய், சாயங்காலம்வரை உட்கார்ந்துவிட்டு வந்தாள்.