மிஞ்சிப்போன கற்கள்

நான் கொத்தனார். ஐந்தாவது வரை படித்தவன். யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். அந்தக் கூச்சத்தால் ஊரப்பாக்கத்தில் ஓர் உயிர் போகப் பார்த்தது.

அண்ணன், தம்பி இருவர் வீட்டுக்கும் நடுவே சிமென்ட் கல்லில் சுவர் கட்டத் தம்பி என்னைக் கூப்பிட்டிருந்தார். அண்ணன் தெருவுக்குப் போய்வர, சுவரில் கேட்டுக்கு இடம் விடவேண்டும் என்பது பேச்சு. நான் முழு நீளத்துக்கும் கல் கணக்குச் சொன்னேன். கேட் இடத்தைக் கழிக்க மறந்துவிட்டேன். கேட்டுக்கு இடம் விட்டுக் கட்டி முடித்தபோது கல் நிறைய மிஞ்சியது. அதை அந்த வழி ஓரமாகவே அடுக்கினோம்.

அதைப் பார்த்து அண்ணன் கடப்பாரையோடு வந்தார். "இன்னாடா, வழியையும் அடைக்கப் போறியா? நான் வூட்டுக்குப் பறந்து போணுமா?"

"ஆமா, றெக்கை கட்டிக்கோ" என்றார் தம்பி, வீம்புக்கு.

"கொத்தனாரே, நீ சொல்லு. இவ்ளோ கல்லு இன்னாத்துக்கு?"

நான் கூச்சத்தில் தலைகுனிந்தேன். அதையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். ஈரம் காயாத சுவரை உதைத்துச் சாய்த்தார். தம்பி ஒரு கல்லைத் தூக்கி எறிய, அண்ணன் நெற்றி கிழிந்து முகமெல்லாம் ரத்தம். கடப்பாரை தம்பியின் தலைக்கு மேலே எழுந்தது. நான் குறுக்கே பாய்ந்தேன். அடி என் தோளில் இறங்கி எலும்பு முறிந்தது.

"கேட் இடத்தைக் கழிக்கல அண்ணா! கணக்கு என் தப்பு!" என்று அப்போதுதான் கத்தினேன். மறுபடி ஓங்கிய கை அப்படியே நின்றது.

இப்போதெல்லாம் அளக்கும்போது இரு பக்கத்தாரையும் நிற்கவைத்து, கேட் வரும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, "இங்கே கல் கிடையாது" என்று உரக்கச் சொல்கிறேன். பேசக் கூச்சம் வந்தால் தோளைத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.